குளிரும் கையும் கைப்பிடியும்

பனிக்காலத்து விடியற்போதில் மோட்டார் சைக்கிள் ஏறி மலைச் சாலைகளிற் செல்வார்க்கு உறுப்புக்களுள் முதலில் வருந்துவது கையே. மார்பைக் காக்கக் கம்பளிச் சட்டை உண்டு. தலையைக் காக்கக் கவசம் உண்டு. காலைக் காக்கப் பூட்ஸ் உண்டு. கையோ உடம்புக்கு முன்னே நீண்டு, எதிர்க்காற்றை முதற்கண் ஏற்று நிற்கின்றது. அக்கையைக் காத்தற்பொருட்டு, மின்சாரத்தாற் சூடேறும் கைப்பிடிகளை வண்டியிற் பொருத்தும் வழக்கம் ஐரோப்பா, அமெரிக்கா முதலிய குளிர்நாடுகளில் நன்கு பரவியுள்ளது. நம் நாட்டிலோ, அதனைச் செல்வர் விளையாட்டென்று நகைப்பார் பலர். அந்நகை பொருந்துமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது. பொருந்தாது என்பதும், குளிர்நிலத்தில் வண்டியூர்வார்க்குக் கையின் வெப்பம் இன்பப்பொருள் அன்று, காவற்பொருள் என்பதும் எம் கருத்து.

தமிழ் பயில்வார்க்கு இயந்திரத்தோடு யாது தொடர்பு என வினவுவாரும் உளராகலாம். குளிருக்கு ஆற்றாது கையைச் சூடேற்றிக்கொள்ளும் செய்தி தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடையைத் தொடங்கும் நக்கீரர், மழையாலும் வாடையாலும் வருந்திய கோவலர் கையிற் கொள்ளி கொண்டும் கன்னம் நடுங்க நின்ற நிலையைக் காட்டுகின்றார். நகரமாந்தர் அகன்ற வாயையுடைய தடவில் நெருப்பிட்டுக் காய்ந்தமையும் அப்பாட்டிலேயே கூறப்பெறுகின்றது. ஆண்டின் ஆறு பருவங்களுள் முன்பனி, பின்பனி என இரண்டினைப் பனிக்கே வகுத்தவர் நம் முன்னோர். ஆதலின், குளிர் தமிழர்க்கு அயலது என்று கூறிப் புறந்தள்ளுதல் அமையாது. கொள்ளியும் தடவும் நின்ற இடத்திற் காய்வார்க்கு உதவின. ஓடும் வண்டியில் இருப்பார்க்கு அவை உதவா. அவற்றின் தொழிலை இன்று மேற்கொள்ள வந்தது மின்சாரம்.

குளிர் எத்துணைத்து என்பதை முதலிற் காண்போம். நீலகிரியில் உதகமண்டலம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீட்டர் ஏறுந்தோறும் காற்றின் வெப்பம் சராசரி ஆறரை டிகிரி குறையும் என்பது வானிலை நூலார் கணக்கு. ஆகவே, அடிவாரத்து மேட்டுப்பாளையத்திலிருந்து மேலேறுவார் ஒரே பயணத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டு டிகிரி வெப்பத்தை இழக்கின்றனர். மார்கழி, தைத் திங்கள்களில் உதகையின் புல்வெளிகள் உறைபனியால் வெண்ணிறம் பூணுதலும், வெப்பமானி சில நாட்களிற் பூஜ்யத்தை அணுகுதலும் அம்மலையார் நன்கறிந்தவை. அக்குளிரிலேதான் பால் கொண்டு செல்வாரும், செய்தித்தாள் போடுவாரும், காய்கறி மண்டிக்குச் செல்வாரும் இருசக்கர வண்டிகளில் விடியுமுன் புறப்படுகின்றனர். விடுமுறை நாட்களில் மலைகாணச் செல்லும் மாணவரும் அவ்வழியே செல்கின்றனர். இன்னும் சிலர் வடக்கே லடாக் வரை சென்று, 5,359 மீட்டர் உயரமுள்ள கார்துங் லா கணவாயைக் கடந்து வருவதைப் பெருமையாகக் கருதுகின்றனர்.

வெப்பமானி காட்டும் குளிர் வேறு. வண்டியில் இருப்பவன் உடம்பு உணரும் குளிர் வேறு. உடம்பைச் சூழ்ந்து மெல்லிய வெங்காற்றுப் படலம் ஒன்று உளது. காற்று வீசுந்தோறும் அப்படலம் நீங்க, உடம்பு மேலும் மேலும் வெப்பத்தை இழக்கின்றது. அண்டார்டிக்காவில் நீர் உறையும் வேகத்தை அளந்து, காற்றுக்கும் குளிர்ச்சிக்கும் உள்ள இத்தொடர்பைக் கணக்கிட்டவர் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்னும் இருவர். அவர்தம் முடிபு 1945-இல் வெளிவந்தது. அதனைத் திருத்திய புதிய கணக்கொன்றினை 2001-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவும் கனடாவும் கையாண்டு வருகின்றன. அக்கணக்கின்படி, காற்றின் வெப்பம் 5 டிகிரியாக இருக்கும்பொழுது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திற் செல்பவனது மூடாத தோல், பூஜ்யத்திற்கும் ஒரு டிகிரி கீழே உள்ள குளிரை உணரும். வெப்பமானி பூஜ்யம் காட்டுமாயின், அவ்வேகத்திலேயே அது ஏழு டிகிரி கீழே செல்லும். இது வண்டியின் இரும்புக்குப் பொருந்தாது. இரும்பு சூழ்ந்த காற்றினும் குளிர்தல் இல்லை. வெப்பத்தை உள்ளிருந்து உண்டாக்கும் உயிருடம்புக்கே இக்கேடு. காற்றில்லாத நாளிலும் வண்டியின் ஓட்டமே காற்றை உண்டாக்கும் என்பதை மறத்தல் கூடாது.

இக்கேட்டினை உறுப்புக்களுள் விரலே மிகுதியும் அடைதற்குக் காரணம் உண்டு. விரல் மெல்லியது, அதன் பருமனை நோக்க அதன் தோற்பரப்பு மிகுதி. வெப்பத்தைப் பிறப்பிக்கும் தசைநார் விரலில் இல்லையென்றே கூறலாம். விரலை இயக்கும் பெருந்தசைகள் முன்கையில் இருந்து, நரம்புபோன்ற நாண்களால் அதனை ஈர்க்கின்றன. ஆதலின், விரலுக்கு வேண்டும் வெப்பம் முழுதும் குருதியின் வழியே வருதல் வேண்டும். உடம்போ, குளிர் மிகுந்தவழி, நெஞ்சையும் மூளையையும் காத்தற்பொருட்டுக் கைகால்களின் நுண்குழாய்களைச் சுருக்கிவிடுகின்றது. அரண்மனையைக் காக்க எல்லையூரைக் கைவிடும் அரசனைப்போல்வது அச்செயல். கைத்தோலின் வெப்பம் ஏறத்தாழ 15 டிகிரிக்குக் கீழே இறங்கின் விரல்கள் தொழிற்றிறம் குன்றும். இன்னும் இறங்கின் தொடுவுணர்ச்சியும் மழுங்கும். சிலர்க்குச் சிறு குளிரிலும் விரல் வெளுத்து மரத்துப்போதல் உண்டு. 1862-இல் மோரிஸ் ரேனோ என்னும் பிரெஞ்சு மருத்துவர் விரித்துரைத்தமையால் அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அன்னார்க்குக் கையை வெப்பமாக வைத்தல் மருத்துவர் கூறும் முதல் அறிவுரையாகும்.

கை மரத்தால் என்ன, சிறிது பொறுத்துக்கொள்ளலாகாதா எனின், மோட்டார் சைக்கிள் கையால் ஆளப்படும் வண்டி என்பதை நினைத்தல் வேண்டும். காரோட்டுபவன் காலால் பிரேக்கு இடுகின்றான். மோட்டார் சைக்கிளிலோ, வலக்கையே வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. அதுவே முன்சக்கரத்துப் பிரேக்கைப் பிடிப்பது. இடக்கை கிளச்சைப் பிடிப்பது. ஹாரனை ஒலிப்பதும் விளக்கை மாற்றுவதும் அதன் தொழிலே. வண்டியை நிறுத்தும்போது பாரம் முன்னே சாய்தலின், நிறுத்தும் ஆற்றலிற் பெரும்பகுதி முன்சக்கரத்துப் பிரேக்கினது. அதனை அளவறிந்து பிடித்தல் வேண்டும். மிகப் பிடிப்பின் சக்கரம் வழுக்கும், குறையப் பிடிப்பின் வண்டி நில்லாது. அவ்வளவை அறிவது விரலின் உணர்ச்சி ஒன்றே. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு வினாடியில் பதினொரு மீட்டர் கடக்கின்றது. மரத்த விரல் அரை வினாடி தாழ்க்குமாயின் ஐந்தரை மீட்டர் மிகையாகச் செல்லும். மலைச்சாலையின் கொண்டையூசி வளைவில் ஐந்தரை மீட்டர் என்பது உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தொலைவாதல் கூடும். இதனை இன்பப்பொருள் என்று எள்ளுதல் எங்ஙனம் தகும்?

இனி, அக்கைப்பிடி வேலைசெய்யும் முறையைச் சிறிது கூறுதும். கம்பியின் வழியே மின்சாரம் ஓடுங்கால் வெப்பம் தோன்றும் என்பதும், அதன் அளவு எத்துணை என்பதும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவே ஜூல் என்னும் ஆங்கில அறிஞர் வகுத்தவை. ரப்பர்ப் பிடியினுள் மெல்லிய வெப்பக்கம்பி புதைக்கப்பெற்று, வண்டியின் 12 வோல்ட் பாட்டரியோடு இணைக்கப்பெறுகின்றது. ஒரு சோடிப் பிடி முழு வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு ஆம்பியர் மின்சாரம் ஏற்கும். அஃதாவது ஐம்பது வாட்டுக்குச் சிறிது குறைவு. வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் சிறு பொத்தான் ஒன்றுண்டு. இடப்பிடி இரும்புக் குழாயின்மேல் நேரே அமர்தலின் அதன் வெப்பத்தில் ஒரு பகுதியை இரும்பு கவர்ந்துகொள்ளும். வலப்பிடிக்கும் இரும்புக்கும் இடையே பிளாஸ்டிக் உறை இருத்தலின் அது விரைவிற் சூடேறும். இஃதறியாதார் இடப்பிடி பழுதென்று எண்ணி வருந்துவர்.

இக்கைப்பிடியை மறுப்பார் கூறுவன மூன்று. கம்பளிக் கையுறையே போதும் என்பது ஒன்று. கையுறை வெப்பத்தைப் பிறப்பிப்பதன்று. இருக்கும் வெப்பத்தைக் காப்பதே அதன் தொழில். குருதி வாராது குளிர்ந்துவிட்ட விரலில் அது எதனைக் காக்கும்? இன்னும், குளிரை வெல்லும் அளவிற்குத் தடித்த கையுறை, பிரேக்கின் உணர்ச்சியையும் மறைத்துவிடும். குளிரைப் பொறுத்தலே ஆண்மை என்பது மற்றொன்று. போர்க்களத்தில் வேல் பொறுத்தல் ஆண்மையாகலாம். பின்னே மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, மரத்த கையோடு மலையிறங்குதல் எவ்வாறு ஆண்மையாகும்? அஃது அறியாமையே. தலைக்கவசத்தையும் இவ்வாறே நகைத்தவர் உளர். இன்று சட்டமே அதனை அணியப் பணிக்கின்றது.

மூன்றாவது மறுப்புச் செலவு பற்றியது. அதனில் உண்மை உண்டு. அவ்வுண்மையை யாம் மறைக்க விரும்பவில்லை. விலையுயர்ந்த பெருவண்டிகள் சிலவற்றில் ஆலையிலேயே இப்பிடிகளைப் பொருத்தித் தருகின்றனர். பால்காரர் ஊரும் சிறுவண்டிக்கோ அதனைத் தாங்கும் மின்னாற்றல் அரிது. அவ்வண்டியின் முகப்பு விளக்கு 35 வாட்டு அளவினது; 2017-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நம் நாட்டில் வெளிவரும் புதிய இருசக்கர வண்டிகளில் அவ்விளக்குப் பகலிலும் எரிந்துகொண்டே இருத்தல் வேண்டும். அதன்மேல், விளக்கினும் மிகுதியான மின்சாரம் கொள்ளும் பிடிகளை இணைப்பின் பாட்டரி விரைவில் வற்றும். ஆதலின், எல்லா வண்டிக்கும் இதனைப் பூட்டுக என்று கூறுவது எம் கருத்தன்று.

பிடி ஒன்றே குளிரை வெல்லும் என்று நம்புதலும் பிழை. பிடி உள்ளங்கையைச் சுடச்செய்யும். காற்று தாக்குவதோ புறங்கையை. அதனால், முதலிற் செய்யத்தக்கது காற்றைத் தடுத்தல். கைக்கு முன்னே பொருத்தும் காப்புத்தகடும், கைப்பிடியையும் கையையும் சேர்த்து மூடும் உறையும் விலை குறைந்தவை, மின்சாரம் வேண்டாதவை. மார்பும் மணிக்கட்டும் நன்கு மூடப்பெறின், நெஞ்சம் விரலுக்குக் குருதியை மனமுவந்து அனுப்பும். அவற்றின் பின்னரே பிடியின் வெப்பம் முழுப்பயன் தரும். உள்ளங்கைப் பக்கம் மெலிந்தும் புறங்கைப் பக்கம் தடித்தும் உள்ள கையுறையே அதற்கு ஏற்றது. அன்றியும், வெப்பத்திற்கும் அளவுண்டு. 44 டிகிரி வெப்பமும் ஆறு மணி நேரம் தோலைத் தொட்டுக்கொண்டிருப்பின் அதனைச் சுட்டுப் புண்ணாக்கும் என 1947-இல் மோரிட்ஸ், ஹென்றிக்குவெஸ் என்னும் ஆராய்ச்சியாளர் காட்டினர். மரத்த கை சூட்டை அறியாது. நீரிழிவால் உணர்ச்சி குன்றிய கையும் அத்தகையதே. ஆதலின் முதலிற் சிறிதே சூடேற்றி, உணர்ச்சி மீண்டபின் வேண்டும் அளவிற்கு மாற்றுதல் நன்று. தீயின்கண் மிக நெருங்காமலும் மிக விலகாமலும் இருப்பாரைத் திருவள்ளுவர் அரசரைச் சேர்ந்தொழுகுவார்க்கு உவமையாக்கினார். அவ்வறிவு கைப்பிடிக்கும் வேண்டும்.

இவற்றையெல்லாம் எண்ணுங்கால் எமக்குத் தோன்றுவன இவை. மலையூர்களிற் பணியாட்களை வண்டியேற்றி அனுப்பும் முதலாளிமார், குறித்த நேரத்திற் பொருள் சேர்தலை மட்டும் நோக்காது, அவர்தம் வண்டிகட்குக் காப்புத்தகடும் கையுறையுமேனும் வழங்குதல் கடமை. வண்டி செய்யும் ஆலையார், மின்னாற்றல் இடங்கொடுக்கும் நடுத்தர வண்டிகளிலேனும் சூடேறும் பிடியை வேண்டுவோர் பெறுமாறு செய்தல் நன்று. விடுமுறையில் மலையேறும் மாணவ நண்பர்கள், வண்டியின் நிறத்திற்கும் ஒலிக்கும் செலவிடும் பொருளிற் சிறிது தம் கைக்குச் செலவிடுதல் அறிவுடைமை. கைகள் விறைத்தபோது வண்டியை நிறுத்தி, சூடான தேநீர்க் கோப்பையைப் பற்றிச் சிறிது இளைப்பாறுதற்கு ஒரு காசும் மிகையாக வேண்டுவதில்லை. அதற்கு வேண்டுவது, நாணம் விடுத்தலே.

பொறியை நாம் ஆளும் வரையே அது நமக்கு ஏவலாள். ஆளுங்கை உணர்விழந்தபின் அது யார்க்கும் ஏவலாள் அன்று. எழுதுவதும், உழுவதும், வணங்குவதும், பிறர்க்கு உதவுவதும் கையே. அதனைக் குளிரிற் கைவிடாது காத்தல், நாகரிகம் பேசும் நமக்கு மிகையான செயலாமோ? நண்பர்கள் ஓர்ந்து முடிவு செய்வார்களாக.