டொராண்டோ: துணிவும் நிதானமும்

அப்போதைய உலக சதுரங்க சாம்பியன் டிங் லிரெனை எதிர்கொள்ளப்போவது யார் என்பதை முடிவுசெய்த கேண்டிடேட்ஸ் போட்டி, 2024 ஏப்ரல் 4 அன்று டொராண்டோவில் தொடங்கியது. எட்டு வீரர்கள், 14 சுற்றுகள். முதலிடத்துக்கு மட்டுமே பயன், இரண்டாமிடத்துக்கு மதிப்பில்லை. எனவே, டிராக்களால் மட்டும் கரையேற முடியாது.

தரப்புள்ளிகளில் கருவானாவும் நகமுராவும் முன்னிலை வகித்தனர். அதற்கு முந்தைய இரு கேண்டிடேட்ஸையும் வென்ற நெபோம்னியாச்சிக்கு அனுபவமே பலமாக இருந்தது. நெருக்கடியிலும் தளராமல் தற்காக்கும் பிரக்ஞானந்தா, 2023 உலகக் கோப்பை அரையிறுதியில் கருவானாவையே வீழ்த்தியவர்.

ஆயினும், என் கவனம் அப்போது 17 வயதான குகேஷ் மீதே இருந்தது. 2022இல் தாம்பரத்துக்குத் தெற்கே மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடில், முதல் பலகையில் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்றார்; எட்டாவதாகத் தோற்றவர் கருவானா. பத்தாம் சுற்றிலோ, அப்துசத்தோரோவிடம் சாதகமான நிலையிலிருந்து தோற்றார். இரண்டுக்கும் காரணம், வென்றே தீர வேண்டும் என்ற அதே வேட்கைதான்.

வாய்ப்புக் கணக்கு கருவானா பக்கமே சாய்ந்தது. ஆனால், எங்கே நிறுத்திக்கொள்வது என்பதை குகேஷ் அந்த ஈராண்டில் கற்றிருந்தால், அந்தக் கணக்கு பொய்க்கும் என்று கருதினேன். தோற்றிருந்தாலும் அவர் மீது பழி சுமத்தாதிருப்பது நம் கடமையாக இருந்திருக்கும்.