செல்பேசி நிறுவனத்தின் பெயரில் வரும் போலிச் செய்திகள்: கோரிப்பாளையம் குடியிருப்போர் கோரிக்கை மனு

பெறுநர்: தொலைத்தொடர்புத் துறை, மாவட்ட நிர்வாகம் மற்றும் சேவை நிறுவன அதிகாரிகள்

சிம் கார்டின் கேஒய்சியை (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பை) தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நிறுத்திவைத்துவிட்டது, 24 மணி நேரத்தில் இணைப்பு துண்டிக்கப்படும் என்று பி.எஸ்.என்.எல். சின்னத்துடன் ஓர் அறிவிப்பு நெடுநாளாகச் சுற்றி வருகிறது. அது போலி என்று மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை சரிபார்ப்புப் பிரிவு அறிவித்திருக்கிறது. இச்செய்தியால் மக்கள் ஏமாறுவதைத் தடுக்கக் கோரி, மதுரை கோரிப்பாளையம் குடியிருப்போர் சார்பில் இம்மனு அளிக்கப்படுகிறது.

இது குறித்து நாங்கள் முன்பு அளித்த மனுக்களில் விவரித்ததே இங்கு மீண்டும் விவரிக்கப்படுகிறது. போலிச் செய்தி பத்து இலக்க எண்ணிலிருந்தோ வாட்ஸ்அப் படமாகவோ வரும். அதன் அடியில் 'வாடிக்கையாளர் சேவை' என ஓர் எண் இருக்கும். அழைத்தால், சரிபார்ப்புக்குப் பத்து ரூபாய் ரீசார்ஜ் போதும் என்பார்கள்; அதற்குமுன் திரையைப் பகிரும் செயலி ஒன்றைப் பதிவிறக்கச் சொல்வார்கள். பிறகு வரும் ஓடிபி மறுமுனையில் இருப்பவர் கண்ணில் படும்; கணக்கில் இருப்பது போய்விடும். எங்கள் பகுதி அருகிலுள்ள அரசு ராஜாஜி மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருப்பவருக்கு ஊரோடு இருக்கும் ஒரே தொடர்பு செல்பேசி. அது துண்டிக்கப்படும் என்றால் அவர் பதறாமல் இருப்பது எப்படி?

டிராயின் 2018ஆம் ஆண்டு வணிகத் தகவல் ஒழுங்குமுறைப்படி, நிறுவனங்களின் குறுஞ்செய்தி பதிவுபெற்ற தலைப்பில்தான் (அனுப்புநரின் அடையாளமாகத் தோன்றும் குறியில்) வர வேண்டும். 2025 பிப்ரவரித் திருத்தத்தின்படி தலைப்பின் இறுதியில் சேவைக்கு எஸ், பரிவர்த்தனைக்கு டி, விளம்பரத்துக்கு பி, அரசுக்கு ஜி என்ற எழுத்தும் இருக்க வேண்டும். பதிவு செய்யாத இணைப்புகள் கொண்ட செய்திகளைத் தடுக்கும் ஏற்பாடு 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. வாட்ஸ்அப் படத்துக்கு இத்தலைப்பே கிடையாது. உண்மையையும் போலியையும் பிரிக்கும் அடையாளம் விதியிலேயே இருக்கிறது. அதைச் சந்தாதாரரிடம் சேர்க்காமல், ஏமாந்தவரின் கவனக்குறைவு என்று கைகழுவுவது நியாயமன்று.

ஆகவே முதன்மைக் கோரிக்கை: தலைப்பைப் பார்த்து அறியும் முறையைச் சேவை மையங்களில் தமிழில், பெரிய எழுத்தில், சிம் வாங்குமிடத்திலேயே எழுதி வைக்க வேண்டும். நிறுவனம் தானே அனுப்பும் செய்திகளும் தமிழில் இருக்க வேண்டும். அவற்றில் இணைப்போ துண்டிப்பு மிரட்டலோ இருக்கக் கூடாது. உண்மைச் செய்தியே போலியைப் போல இருந்தால் முதியவர் எதைக் கொண்டு பிரித்தறிவார்? முந்தைய மனுக்களிலும் வைத்த இக்கோரிக்கைக்கு இதுவரை பதில் இல்லை.

மேலும், சந்தேகச் செய்திகளைத் தெரிவிக்கும் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு வசதியைப் பயன்படுத்த இயலாதோரின் புகார்களைச் சேவை மையங்கள் எழுத்தில் பெற்று ஒப்புகை தர வேண்டும்.

பணம் இழந்தோர் உடனே அழைக்க வேண்டிய 1930 எண்ணை ரீசார்ஜ் கடைகளில் ஒட்ட வேண்டும்.

இம்மனுவுக்கு எழுத்துப்பூர்வமாகப் பதிலளிக்க வேண்டும்.

இவண்,
செயலாளர்