மூன்று நாள் ரஜா யாருக்கு?

சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் சேர்ந்தாற்போல் ரஜா வந்துவிட்டால் நமது வண்ணாரப்பேட்டையில் நடக்கின்ற காரியம் என்ன என்பதைத் தோழர்கள் சற்று நினைத்துப் பார்க்கும்படி வேண்டிக் கொள்ளுகின்றோம். வெள்ளிக்கிழமை இரவே தெருமுனையில் ஒரு வேன் வந்து நிற்கும். மாமனார், மாமியார், கொழுந்தன், நாத்தி, அவர்கள் பிள்ளைகள், புளிச்சோற்று மூட்டை, மொட்டையடிப்பதற்கென்று ஒரு கைக்குழந்தை எல்லாம் ஏறிய பிறகு, மிச்சமிருக்கிற இடத்தில் புருஷன் ஒரு மூலையிலும் பெண்சாதி ஒரு மூலையிலுமாக ஒடுங்கிக் கொள்வார்கள். அப்புறம் மூன்று கோயில், ஐந்து வரிசை, ஏழு உண்டியல். திங்கட்கிழமை இரவு வீடு திரும்பியதும் மற்றவர்களெல்லாம் படுத்துக் கொள்ள, அந்தப் பெண் மாத்திரம் மூன்று நாள் அழுக்குத் துணியை ஊறவைத்துக் கொண்டிருப்பாள். இதற்குப் பெயர் ரஜாவாம்! இந்த மூன்று நாளில் அவ்விருவரும் தங்களுக்குள் தனியாக ஒரு மணி நேரம் பேசியிருப்பார்களா என்று கேட்கின்றோம்.

“பண்டிகை வந்ததால்தானே ரஜா வந்தது, சாமியால் வந்த ரஜாவைச் சாமிக்குச் செலவழித்தால் என்ன தப்பு?” என்று சில பெரியவர்கள் கேட்கக்கூடும். எந்தச் சாமி யாருக்கு ரஜா கொடுத்தது? பம்பாய் மில்களில் வாரத்தில் ஒரு நாள் ஓய்வென்பதே இல்லாமல் வேலை வாங்கிக் கொண்டிருந்த காலத்தில், அவ்வூரில் எல்லா மதத்துச் சாமிகளும் சௌக்கியமாகத்தான் இருந்தார்கள். ஜோதிராவ் பூலேயின் சத்திய சோதக் சமாஜத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் தொழிலாளிகளைக் கூட்டி, மனுப்போட்டு, வருஷக்கணக்காகக் கிளர்ச்சி செய்த பிறகே 1890 ஜூன் 10-ந் தேதி மில் முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமை ரஜாவுக்கு இணங்கினார்கள். நமது ராஜ்யத்திலும் 1958ஆம் வருஷத்துச் சட்டம்தான் தொழில் ஸ்தாபனங்களில் வேலை செய்பவர்களுக்குத் தேசிய ரஜாக்களோடு பண்டிகை ரஜா ஐந்து நாளும் கொடுக்கச் செய்தது. அந்த ஐந்து நாளில் மொட்டையடித்துக் கொள்ள வேண்டும் என்று எந்த ஷரத்திலும் எழுதியிருக்கக் காணோம்.

நிற்க, ஆணுக்காவது சட்டப்படி ரஜா என்று ஒன்று இருக்கின்றது. வீட்டிலிருக்கிற பெண்ணுக்கு எந்தச் சட்டத்தில் ரஜா? 2024ஆம் வருஷம் இந்திய சர்க்கார் எடுத்த நேரக் கணக்கில், கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாள் ஒன்றுக்குச் சராசரி 289 நிமிஷம், ஆண்கள் செலவிடுவது 88 நிமிஷம் என்று கண்டிருக்கின்றது. அதாவது பெண்ணுக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி, ஆணுக்கு ஒன்றரை மணி. வீட்டில் ஆட்கள் கூடினால் அடுப்பு வேலையும் கூடும். ஆகவே புருஷனுக்கு மூன்று நாள் ரஜா என்பது அவளுக்கு மூன்று நாள் அதிக வேலை என்றே ஆகின்றது.

எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் வேலை செய்கிற பெண்களின் சங்கதியோ இன்னும் மோசம். ஊருக்கெல்லாம் ரஜா என்றால் ஊரே அந்த ரோட்டுக்குத் துணி எடுக்க வருகின்றது. அவர்கள் உட்காருவதற்கு ஒரு இருக்கை போட வேண்டும் என்று சட்டத்தைத் திருத்துவதற்கே 2021ஆம் வருஷம் வரை ஆயிற்று! இப்படிப்பட்ட ஒரு பெண்ணைக் கட்டிக் கொண்ட தோழர், நாட்காட்டியில் சிவப்பாக இருக்கிற நாளைப் பார்ப்பதை விட்டு, அவளுக்கு என்றைக்கு வார ரஜா என்று கேட்டு, அதையொட்டித் தான் லீவு எழுதிக் கொடுப்பதே நியாயமாகும்.

இனி, “இருவருமாக ஊர் சுற்றப் பணத்துக்கு எங்கே போவது? அது பங்களாக்காரர்கள் சமாசாரம்” என்பார்கள். கோயில் வேனுக்குக் கடன் வாங்கினவர்களும் இதையேதான் சொல்லுகின்றார்கள். வெளியூர் எதற்கு? நாம் இருக்கிற சென்னைப் பட்டணத்தைப் பார்ப்பதற்கென்றே தேசம் விட்டுத் தேசம் ஜனங்கள் வருகிறபோது, பேட்டையில் பிறந்து வளர்ந்த எத்தனை பெண்கள் அதைப் பார்த்திருக்கின்றார்கள்? கேட்டால், “ஸ்டான்லி ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கிறேன்” என்பார்கள். 2019 பிப்ரவரியிலேயே மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டைக்கு வந்துவிட்டது. 2021 பிப்ரவரி 14-ந் தேதி அதை விம்கோ நகர் வரைக்கும் நீட்டித் திறந்தார்கள். அன்று காதலர் தினம் என்பது திறந்து வைத்தவர்களுக்கு ஞாபகமிருந்ததோ என்னவோ! மண்ணடி, ஹைகோர்ட்டு, சென்டிரல். அங்கே வண்டி மாறினால் அடுத்தது எழும்பூர்.

எழும்பூரில் 1851ஆம் வருஷம் ஏற்படுத்தப்பட்ட மியூசியம் இருக்கின்றது. (வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், அவசரப்பட்டுப் போய்த் திரும்ப வேண்டாம்.) அமராவதியிலிருந்து வந்த பௌத்தச் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன. வெண்கல விக்கிரகங்களின் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் அர்ச்சனைச் சீட்டு, தட்டுக் காசு, குலம் கோத்திரம் எதுவும் கேட்காமல் நின்று கொண்டிருக்கின்றார். எந்த ஜாதியாரும் எந்த நாளிலிருக்கிற பெண்ணும் ஒரே தூரத்தில் நின்று பார்க்கலாம். கிட்டப் போனால் தீட்டென்று துரத்துவாரில்லை. மாமியார் “எந்தக் கோயிலுக்குப் போனீர்கள்?” என்று கேட்டால், எழும்பூருக்கு என்று தைரியமாகச் சொல்லலாம். இன்னொரு நாள் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குப் போய், ஜோசியன் ஏழரை வருஷம் பயமுறுத்தி வைத்த அந்தச் சனி எப்படியிருக்கிறதென்று இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

சாயங்காலத்துக்குக் கடற்கரை இருக்கின்றது. அங்கே உழைப்பாளர் சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், இந்தப் பட்டணத்துக் கடற்கரையில்தான் 1923ஆம் வருஷம் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார் என்பதையும் அவளுக்குச் சொல்லலாம். ராய் சௌதரி செய்த அந்தச் சிலை 1959இல் வைக்கப்பட்டது. பாறையைத் தள்ளுகிற நாலு பேரும் ஆண்கள். அவர்களுக்குச் சோறாக்கிக் கொடுத்தவளைச் செய்ய வெண்கலம் போதவில்லை போலிருக்கிறது.

இவ்வளவும் பகல் சங்கதி. இரவுதான் பெரிய சங்கடம். பேட்டையில் ஒண்டுக் குடித்தனங்களில் ஓர் அறையில் ஏழு பேர், எட்டுப் பேர் படுக்கின்றார்கள். கல்யாணமாகிப் பத்து வருஷமான புருஷனும் பெண்சாதியும் வாய்விட்டு ஒரு வார்த்தை பேச இடமில்லை. சண்டை போடுவதானாலும் கிசுகிசுவென்றுதான் போட வேண்டும்! இப்படிப்பட்டவர்கள் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, இதே பட்டணத்தில் ஒரே ஒரு இரவு ஒரு விடுதியில் தங்க ஆசைப்படுவது வீண் டம்பமா?

ஆனால் விடுதிக்காரன் கேட்கின்ற கேள்விகளோ கொஞ்சமல்ல. நமது பேட்டைத் தோழர் ஒருவர் சுயமரியாதைக் கல்யாணம் செய்து கொண்டவர். துணைவியோடு ஒரு விடுதிக்குப் போனார். ஆதார் அட்டையைப் பார்த்து, “உள்ளூர் விலாசத்துக்கு அறை கிடையாது” என்றார்கள். காரணம் கேட்டதற்கு, அந்த அம்மாளின் கழுத்தைப் பார்த்துவிட்டு, “தாலியைக் காணோமே” என்றார்களாம். அறை வாடகைக்குத் தாலியை அடகு வைக்கவா கேட்டார்கள்? தாலியில்லாமல் மாலை மாற்றிக் கொண்டாலும் கல்யாணம் கல்யாணம்தான் என்று அண்ணாதுரை அவர்களின் மந்திரிசபை 1967லேயே சட்டம் நிறைவேற்றிவிட்டது. பந்தல் போட்டு ஊர் கூட்ட வேண்டிய அவசியமும் இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2023 ஆகஸ்டில் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றது.

கல்யாணமே ஆகாதவர்கள் என்றுதான் வைத்துக் கொள்ளுவோம். அப்போது மாத்திரம் இவர்களுக்கு என்ன அதிகாரம்? 2019ஆம் வருஷம் கோயமுத்தூரில் அப்படிப்பட்ட இருவர் ஓர் அறையில் தங்கியதையும் ஒரு காரணமாகக் காட்டி அதிகாரிகள் ஒரு விடுதியைப் பூட்டி சீல் வைத்தார்கள். அவ்வருஷம் டிசம்பரில் சென்னை ஹைகோர்ட்டு நீதிபதி எம்.எஸ். ரமேஷ் அவர்கள், வயது வந்த ஆணும் பெண்ணும் அப்படித் தங்கக் கூடாதென்று எந்தச் சட்டமும் இல்லை என்று சொல்லிச் சீலை உடைக்க உத்தரவிட்டார். சட்டத்தில் இல்லாத குற்றத்தை விடுதி மேஜையில் உட்கார்ந்து கொண்டு விசாரிக்க இவர்களுக்கு யார் சன்னத்துக் கொடுத்தார்கள்? தனியே வந்த ஆணிடம் இந்த விசாரணை எதுவும் நடப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பணத்தை அவன் கொடுக்கின்றான். சந்தேகம் மாத்திரம் அவளுக்கு.

ஆகையால் தோழர்கள் அறையை முன்னதாகவே பேசி, உள்ளூர் விலாசம் என்பதையும் அப்போதே சொல்லி, சம்மதம் வாங்கிக் கொண்டு போவது நலம். மறுத்தால் எந்தச் சட்டப்படி என்று எழுத்தில் கேட்கலாம். நமது தோழரும் அவ்விதமே கேட்டார்; எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி இன்னொரு விடுதியில் ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார்களாம். மறுநாள் பதினோரு மணிக்குத்தான் எழுந்தார்கள் என்று கேள்வி.