"எப்படி வருது?" என்று கேட்டிருந்தால்...

கொலை, கொள்ளை என்று பேப்பரில் படித்தால் "ஐயோ பாவமே" என்கிறோம். பேனா பிடித்த கை செய்யும் மோசடியைப் படித்தால், "ஏதோ ஆபீஸ் விவகாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டி விடுகிறோம். அது நம் வீட்டு அடுப்படி வரை வரும் என்பதை அனுபவித்தவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

1995ல் என் கணவர் சென்னையில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் அக்கவுண்டன்ட். பாங்கில் 12, 13 சதவீத வட்டி கிடைத்த நாளில், அந்தக் கம்பெனி 24 சதவீதம் தருவதாகச் சொன்னது. டெபாசிட் பிடித்துக் கொடுத்தால் ஊழியர்களுக்குக் கமிஷன் உண்டு. அந்தக் கமிஷனில்தான் எங்கள் வீட்டுக்கு பிரிட்ஜ் வந்தது, கலர் டிவி வந்தது.

எங்கள் காம்பவுண்டில் ஆறு குடித்தனம். எதிர் போர்ஷன் டீச்சரம்மா, ரிடையர் ஆகி வந்த பணத்தில் 40 ஆயிரத்தை மகள் கல்யாணத்துக்காக எங்கே போடலாம் என்று என்னிடம்தான் கேட்டார். "எங்க வீட்டுக்காரர் கம்பெனியிலேயே போடுங்க டீச்சர், நான் இருக்கேன்ல" என்றேன். சொன்னது என் கணவர் அல்ல, நான்!

கொஞ்ச நாளாக அவர் ராத்திரி தூங்காமல் புரண்டு கொண்டிருந்தார். ஒரு நாள் மனசு விட்டுச் சொன்னார். "புதுசா வர்ற டெபாசிட்டை எடுத்துத்தான் பழைய ஆளுங்களுக்கு வட்டி கொடுக்கறோம். லாபம்னு எழுதச் சொல்றாங்க, எழுதறேன்." அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பெரிய இடத்து விஷயம், நமக்கெதுக்கு? மாசம் பொறந்தா சம்பளம் வருதில்ல!" அந்த வார்த்தை இன்றும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

1997ல் கம்பெனி கதவைச் சாத்தினார்கள். என் கணவரை போலீசார் பல முறை விசாரணைக்கு அழைத்தனர். அவர் ஜெயிலுக்குப் போகவில்லை. ஆனால், தண்டனை எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து கொண்டது. அப்புறம் அவருக்கு எங்கேயும் கணக்கு வேலை கிடைக்கவில்லை. "உங்கப்பா திருட்டுக் கணக்கு எழுதினாராமே?" என்று ஸ்கூலில் கேட்டார்கள் என, மகன் அழுதுகொண்டு வந்தான். நான் போனால் குழாயடியில் பேச்சு நின்றுவிடும்.

டீச்சரம்மா மட்டும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் மகள் கல்யாணம் தள்ளிப் போனது. என் வளையல்களை விற்று 8 ஆயிரம் கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கிக் கொண்டு, ரசீது எழுதி கையில் கொடுத்தார். அதுவரை எங்களுக்குள் காபிப் பொடிக்கும் சர்க்கரைக்கும் கூட கணக்கு இருந்ததில்லை. அந்த ரசீது இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

சின்ன கம்பெனியில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். 2009 ஜனவரியில், சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு, பல ஆண்டுகளாகக் கணக்கில் பொய் எழுதியதாகத் தானே ஒப்புக்கொண்டார். 2015ல் ஐதராபாத் தனி கோர்ட் தண்டித்த 10 பேரில், நிதிப் பிரிவில் வேலை பார்த்தவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுப் பெண்களை நினைத்துத்தான் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஆபீஸ் விஷயத்தில் பொம்பளை தலையிடக் கூடாது" என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். நான் சொல்கிறேன், தலையிடுங்கள். சம்பளத்துக்கு மேல் பணம் வந்தால், "எப்படி வருது?" என்று கேளுங்கள். அது புருஷனைச் சந்தேகப்படுவது ஆகாது, அவரைக் காப்பாற்றுவது. "பேருக்குத்தான் பார்ட்னர், கையெழுத்துப் போடு" என்று நீட்டினால், படிக்காமல் போடாதீர்கள். வழக்கு என்று வந்தால், "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்பது அவ்வளவு சுலபமாக எடுபடாது.

பணம் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாங்க் டெபாசிட்டுக்கு, 2020 முதல் ஒருவருக்கு ஒரு பாங்கில் 5 லட்சம் ரூபாய் வரை இன்சூரன்ஸ் உண்டு. பைனான்ஸ் கம்பெனி டெபாசிட்டுக்கு அது கிடையாது. டெபாசிட்தாரர்களைப் பாதுகாக்க, 1997லேயே தமிழக அரசு தனிச் சட்டம் கொண்டு வந்தது. ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு ஒதுங்காமல், பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசில் புகார் கொடுங்கள்.

அன்று என் கணவர் கேட்டது என் அனுமதியை அல்ல. "வேணாங்க, அந்த வேலையை விட்டுடுங்க. கூழோ கஞ்சியோ குடிச்சுக்கலாம்" என்று நான் சொல்ல மாட்டேனா என்று ஏங்கியிருக்கிறார். அதை அவர் சொன்னது, எல்லாம் முடிந்து பல வருடம் கழித்து. உங்கள் வீட்டில் யாராவது ராத்திரி தூங்காமல் புரண்டால், தயவுசெய்து எழுந்து உட்கார்ந்து கேளுங்கள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை.