இனாமாக வந்த டின்



இந்த இதழில் நார்த்தங்காய் ஊறுகாய் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை அடுத்த இதழுக்குத் தள்ளி வைக்கிறேன். காரணம் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். தலைப்பிரசவம். பிள்ளை பிறந்து இருபத்தைந்து நாள்தான் ஆகிறது. முகமெல்லாம் வாடிக் கிடந்தது.

"பெரியம்மா, இவனுக்குப் பால் பத்தலையோன்னு பயமா இருக்கு. ராத்திரி முழுக்க அழறான். டின் பால் ஆரம்பிச்சிடலாமான்னு மாமியார் கேக்கறாங்க. இவரும் வாங்கிட்டு வரேங்கறார்."

நான் வாங்கு என்றும் சொல்லவில்லை, வாங்காதே என்றும் சொல்லவில்லை. "முதல்லே ஒரு டம்ளர் மோர் குடிம்மா" என்றேன். அவள் குடித்து முடித்ததும் என் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1978-இல் என் மூத்த மகன் பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு டின் பால் பவுடரைக் கையில் கொடுத்தார்கள். இனாம்! டின்னின் மேல் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. நம் பிள்ளையும் இப்படி ஆக வேண்டும் என்று எந்தத் தாய்க்குத்தான் ஆசை இருக்காது? பகலில் இரண்டு வேளை புட்டியில் கொடுத்தேன். அந்த டின் தீர்வதற்கும் எனக்குப் பால் குறைவதற்கும் சரியாக இருந்தது.

அடுத்த டின் இனாமாக வரவில்லை. சம்பளத் தேதிக்கு நாலு நாள் முன்னாலேயே டின் காலியாகிவிடும். அதனால் நாலு கரண்டி போட வேண்டிய இடத்தில் மூன்று போட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. கையில் இருந்த காசு சொல்லித் தந்தது. மூன்றாவது மாதம் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. கண் உள்ளே போய், உச்சிக்குழி பள்ளமாகி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். 'நான்தான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை' என்று எத்தனையோ வருஷம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

அது என் ஒருத்தியின் கதை இல்லை, உலகம் முழுக்க நடந்த கதை என்பது பிறகு படித்துத்தான் தெரிந்தது. என் கைக்கு வந்தது எந்தக் கம்பெனியின் டின் என்பது இங்கே முக்கியமில்லை. அந்த நாளில் பல கம்பெனிகள் அப்படித்தான் விற்றன.

இதை முதலில் உரக்கச் சொன்னவர் ஒரு பெண் டாக்டர், சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் பிறந்தவர். ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தபோது, சத்துக் குறைவால் குழந்தைகளுக்கு உடம்பு வீங்கும் 'குவாஷியார்கர்' நோயை மருத்துவ உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர். பிறகு மலாயாவுக்கு வந்தார். அங்கே நர்ஸ் மாதிரி உடை உடுத்திய பெண்கள், டப்பாப் பாலை உயர்வாகப் பேசித் தாய்மார்களிடம் விற்பதைப் பார்த்தார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேச அழைத்தார்கள். அவர் தன் பேச்சுக்கு வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'! தவறான பிரசாரத்தால் சாகும் குழந்தைகளின் சாவைக் கொலையாகவே கருத வேண்டும் என்று பேசினார். அன்று அதை யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

'பால் பவுடர் என்ன விஷமா?' என்று கேட்பீர்கள். இல்லை. சுத்தமான தண்ணீர், அடுப்பெரிக்க வசதி, டின்னில் எழுதியிருப்பதைப் படிக்கும் படிப்பு, மாதா மாதம் வாங்கப் பணம், இந்த நாலும் உள்ள வீட்டில் அதைப் பத்திரமாகக் கலந்து கொடுக்கலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஆபத்துதான். குட்டைத் தண்ணீரில் கலந்தால் பேதி. காசு போதாமல் நீர்க்கக் கலந்தால் பிள்ளை எலும்பும் தோலும். 'சரி, வேண்டாம்' என்று திரும்பிப் போகவும் வழி இருக்காது. பிள்ளை சப்பச் சப்பத்தான் தாய்க்குப் பால் ஊறும். சப்புவது குறைந்தால் பாலும் குறையும். இனாம் டின்னின் சூட்சுமம் இதுதான். பிள்ளை புட்டிக்குப் பழகி, தாயின் பால் வற்றும்வரை இனாம். அப்புறம் விலை.

1974-இல் லண்டனிலுள்ள ஒரு தொண்டு நிறுவனம் இதைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட்டது. சுவிட்சர்லாந்தில் சில இளைஞர்கள் அதை ஜெர்மன் மொழியில் வெளியிட்டு, 'நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது' என்றே தலைப்புப் போட்டுவிட்டார்கள். நெஸ்லே கம்பெனி மானநஷ்ட வழக்குப் போட்டது. 1976-இல் தீர்ப்பு வந்தது. தலைப்பு அவதூறுதான் என்று சொன்ன கோர்ட், ஆளுக்கு 300 பிராங்க் அபராதம் விதித்தது. ஆனால் நீதிபதி அதோடு விடவில்லை. கம்பெனி தன் விளம்பர முறைகளை அடியோடு மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். வழக்கில் ஜெயித்தது கம்பெனி. ஆனால் பேர் கெட்டதும் கம்பெனிக்குத்தான்.

அடுத்த வருஷம், 1977 ஜூலையில், அமெரிக்காவில் மின்னியாபொலிஸ் நகரத்தில் ஒரு புறக்கணிப்பு ஆரம்பமானது. சர்ச்சைச் சேர்ந்தவர்கள், மாணவர்கள், சாதாரணக் குடும்பப் பெண்கள் எல்லாம் சேர்ந்து, நெஸ்லேயின் காபியும் சாக்லேட்டும் வாங்க மாட்டோம் என்றார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாருக்கும் பேதி வரவில்லை. எங்கேயோ, முகம் தெரியாத ஒரு தாயின் பிள்ளைக்காகத் தங்கள் மளிகைக் கூடையிலிருந்து ஒரு காபி பாட்டிலை எடுத்து வைத்தார்கள். அது பல நாடுகளுக்குப் பரவியது.

1978 மே மாதம் விஷயம் அமெரிக்க செனட் விசாரணைக்கு வந்தது. செனட்டர் எட்வர்ட் கென்னடி கேள்வி கேட்டார். பதில் சொல்ல வந்தவர் பிரேசில் நாட்டு நெஸ்லேயின் தலைவர். சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் இந்தப் பவுடரைப் பயன்படுத்தலாமா என்று கேட்டபோது, கூடாதுதான் என்று ஒப்புக்கொண்டார். அப்படியானால், அங்கெல்லாம் உங்கள் சரக்கை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் பொறுப்பு உங்களுக்கு உண்டா என்றார் கென்னடி. அந்தப் பொறுப்பை நாங்கள் ஏற்க முடியாது என்பதுதான் பதில்.

கம்பெனி தரப்பையும் சொல்லிவிட வேண்டும். பவுடரில் குற்றமில்லை, குற்றம் வறுமையிலும் கெட்ட தண்ணீரிலும் இருக்கிறது. தாய்ப்பால் கொடுக்க முடியாதவர்களுக்கு இது தேவை என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வறுமை இருக்கிறது என்று தெரிந்த வீட்டுக்கே தேடிப் போய் இனாம் டின்னைக் கொடுத்தால், அதை என்னவென்று சொல்வது?

1981 மே 21-ஆம் தேதி உலக சுகாதார மகாசபை ஒரு நெறிமுறையை நிறைவேற்றியது. ஆதரித்தவை 118 நாடுகள். எதிர்த்து ஓட்டுப் போட்டது ஒரே நாடு, அமெரிக்கா. மூன்று நாடுகள் ஒதுங்கி நின்றன. பொதுமக்களுக்கு விளம்பரம் கூடாது, தாய்மார்களுக்கு இனாம் கூடாது, கம்பெனி ஆட்கள் தாய்மார்களை நேரில் பார்க்கக் கூடாது, டின்னில் ஆசை காட்டும் படம் கூடாது என்றது அந்த நெறிமுறை. அதன்படி நடப்பதாக நெஸ்லே ஒப்புக்கொண்டதும், 1984-இல் புறக்கணிப்பைக் கைவிட்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரிகளுக்கு இனாம் சப்ளை நிற்கவில்லை என்று குற்றம் சாட்டி 1988-இல் மறுபடி தொடங்கினார்கள்.

நெறிமுறை வேறு, சட்டம் வேறு. அந்தந்த நாடு சட்டம் போட்டால்தான் அதற்குப் பல் முளைக்கும். நம் நாட்டில் 1992-இல் சட்டம் வந்தது. 2003-இல் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். பால் பவுடர், பால் புட்டி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் டப்பா உணவு எதற்கும் இங்கே விளம்பரம் செய்யக் கூடாது. இன்று டின்னில் குழந்தைப் படம் இல்லாததும், 'தாய்ப்பாலே சிறந்தது' என்று பெரிய எழுத்தில் இருப்பதும் இந்தச் சட்டத்தால்தான். என் மகன் பிறந்து 14 வருஷம் கழித்து வந்த சட்டம்!

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' என்ற அமைப்பு ஒரு அறிக்கை விட்டது. நெஸ்லேயின் செரலாக் நம் நாட்டில் சர்க்கரை சேர்த்து விற்கப்படுகிறது, ஒரு வேளை உணவில் ஏறக்குறைய 3 கிராம். கம்பெனியின் சொந்த நாடான சுவிட்சர்லாந்தில் விற்கும் குழந்தை உணவில் அப்படிச் சர்க்கரை சேர்ப்பதில்லை என்றது அறிக்கை. இந்தியச் சட்டப்படிதான் நடக்கிறோம், சர்க்கரையைக் குறைத்தும் வருகிறோம் என்றது கம்பெனி. அந்த வருஷமே சுத்திகரித்த சர்க்கரை சேர்க்காத வகைகளையும் இங்கே கொண்டு வந்தது. கேட்டால்தானே கிடைக்கிறது?

இப்போது 'கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு' என்று அடிக்கடி படிக்கிறோம். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூக நலனுக்குச் செலவிட வேண்டும். மரம் நடுகிறார்கள், பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள். நல்லதுதான், வேண்டாம் என்று யார் சொல்வது? ஆனால் நூறு ரூபாயில் தானம் கொடுத்த இரண்டு ரூபாயை மட்டும் பார்த்தால் போதாது. அந்த நூறு ரூபாய் எப்படி வந்தது என்றும் கேட்க வேண்டும். எதிர்த்துக் கேள்வி கேட்கத் தெரியாத ஒரு தாயிடம் எப்படி விற்றார்கள் என்பதில்தான் பொறுப்பு தெரியும்.

சரி, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு என்ன சொன்னேன்?

அழுவதெல்லாம் பசி இல்லை. பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் ஒன்றுக்குப் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பார். இரண்டும் சரி என்றால் பால் போதுகிறது என்று அர்த்தம். கேட்கும்போதெல்லாம் கொடு, ராத்திரியிலும் கொடு. ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம். அதன் பிறகு வீட்டுக் கஞ்சி, பருப்புச் சாதம், மசித்த பழம் என்று ஆரம்பித்து, இரண்டு வயது வரை தாய்ப்பாலும் தொடரலாம்.

எடை ஏறவில்லை என்றால் டாக்டரிடம் போ. அவர் பவுடர் பால்தான் வேண்டும் என்றால் கொடு. தாய்க்கு உடம்பு முடியாதபோது, தாய் இல்லாத பிள்ளைக்கு, அதுதான் உயிர் காக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொதித்த தண்ணீரில், டின்னில் சொன்ன அளவில் ஒரு கரண்டிகூடக் குறைக்காமல் கலந்துகொடு. புட்டி வேண்டாம், நம் பாட்டி காலத்துப் பாலாடை போதும். மூலை முடுக்கு இல்லாததால் தேய்த்துக் கழுவச் சுலபம்.

யாராவது இனாமாக டின் நீட்டினால், "சட்டப்படி இது கூடாதே" என்று சிரித்துக்கொண்டே சொல். பில்லும் டின்னும் கையில் இருந்தால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு ஒரு கடிதமும் எழுது.

நேற்று வந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்த்தார்களாம், ஏறியிருக்கிறதாம். "டாக்டர் டின் வேண்டாம்னுட்டாங்க பெரியம்மா. மாமியாரே இப்ப ராத்திரியிலே எழுந்து பிள்ளையை எடுத்துக் கையிலே தராங்க" என்றாள். பிள்ளை மடியில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான்.

நார்த்தங்காய் அடுத்த இதழில், கட்டாயம்.