களிமண் தீர்த்தமாகுமா?

பாவத்தைச் செய்துவிட்டுப் புண்ணிய நதியில் முழுகினாற் போதுமென்று போதித்தவர்களை நாம் கண்டித்து வந்திருக்கின்றோம். அதே மூடக்கொள்கை இன்று விஞ்ஞான வேடம் பூண்டு வருகின்றது. ஆற்றிற் சாயத்தைக் கலக்கலாமாம். பின்னர்க் களிமண்ணையிட்டு நீரைத் தூய்மை செய்துகொள்ளலாமாம்!

களிமண்ணின் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. அதன் மெல்லிய தகடுகள் எதிர்மின்னேற்றம் உடையவை. நேர்மின்னேற்றமுள்ள மெதிலீன் நீலம் முதலிய சாயங்களை அவை தம் மேற்பரப்பிற் பற்றிக்கொள்ளும். நம் பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர் இவ்வுண்மையைப் பதப்படுத்திய களிமண் கொண்டு ஆராய்ந்து 2012இல் வெளியிட்டனர். அவர்களது உழைப்பு போற்றத்தக்கதே.

ஆனால், பருத்தித் துணிக்கு இடும் ரியாக்டிவ் சாயங்கள் தாமும் எதிர்மின்னேற்றம் உடையவை. ஆகவே வெறுங் களிமண் அவற்றைத் தள்ளுமேயன்றிப் பற்றாது. சாயமேற்றக் கொட்டும் உப்பையோ களிமண் நீக்கவே நீக்காது. மண்ணைப் பக்குவஞ்செய்து சாயத்தைப் பிடித்தாலுந்தான் என்ன? நஞ்சு ஒழிந்ததா? நீரைவிட்டுச் சேற்றிற் குடிபுகுந்தது, அவ்வளவே. அந்தச் சேற்றைக் கொட்ட ஏழையின் குடிசையோரந்தானா இடம்?

பினாங்குக் கடைவீதியில் நாம் வாங்கும் பனியன் பிறக்கும் திருப்பூரைப் பாருங்கள். பாசனத்திற்கென்று நொய்யலாற்றின் குறுக்கே 1992இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவின் தேக்கமாயிற்று. அணை நீரைத் திறக்கவேண்டுமென்று கேட்கவேண்டிய உழவரே, திறக்கவேண்டாமென்று தடுக்கும் நிலை வந்தது. கடைசியில், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. அத்தனை ஆண்டும் குறைந்தது அறிவா? அன்று, கழிவைச் சுத்திசெய்யப் பணஞ் செலவிடும் மனமே குறைந்தது. இலாபம் பட்டறைக்கு, உப்பு வயலுக்கு என்பது எந்த ஊர் நியாயம்?

தோழர்களே! நம் நாட்டின் 2009ஆம் ஆண்டு விதிகள், ஆலைக் கழிவுநீரின் நிறத்திற்கும் எல்லை வகுத்துள்ளன. அவ்வெல்லையைக் காப்பது முதலாளியின் தர்மமன்று, கடமை. தோட்டத்து வாய்க்காலாயினும் பட்டணத்துச் சாக்கடையாயினும், நீர் நிறமாறினால் வாளாவிராதீர்கள். அதிகாரிகளிடம் எழுத்திற் கேளுங்கள். சாயத்தை உண்டாக்கினவனே அதனை ஆலைக்குள்ளே பிடிக்கட்டும். பிடித்த சேற்றுக்கும் அவனே கணக்குக் காட்டட்டும். அதற்குக் களிமண் உதவுமாயின் வரவேற்போம். அவன் பாவங் கழுவும் தீர்த்தமாக அதனை ஏற்கமாட்டோம்!