நிகாஹ் தஃப்தரும் கவுண்டிப் பதிவேடும்: அமெரிக்காவில் நம் பிள்ளைகளின் திருமணம்

கணினித் துறை வேலைக்காக இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கா சென்ற தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது திருமண வயதில் நிற்கிறார்கள். மாப்பிள்ளை ஹூஸ்டனில், பெண் சிகாகோவில் என்றும், மாப்பிள்ளை கலிஃபோர்னியாவில், பெண் காயல்பட்டினத்தில் என்றும் வரன்கள் பேசப்படுகின்றன. மஹர் எவ்வளவு, நிகாஹ் எந்தப் பள்ளியில், வலீமா எந்த ஊரில் என்று எல்லாவற்றையும் பேசி முடிக்கும் பெரியவர்கள், ஒன்றை மட்டும் "அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைத்து விடுகிறார்கள். கவுண்டி அலுவலகத்தில் வாங்க வேண்டிய திருமண உரிமம்தான் அது.

இந்தத் தாமதத்தின் விலையைப் பெரும்பாலும் பெண்தான் கொடுக்கிறாள். அதனால்தான் இதைச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

கவுண்டி என்பது என்ன?

அமெரிக்காவில் திருமணச் சட்டம் மாநிலங்களின் கையில் இருக்கிறது. நாடு முழுவதற்குமான ஒரே திருமணப் பதிவேடு அங்கே கிடையாது. நம் ஊர் மாவட்டம் போல ஒவ்வொரு மாநிலமும் கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நாடு முழுவதும் 3,000க்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. பெரும்பாலான மாநிலங்களில் திருமண உரிமம் கொடுப்பதும், திருமணம் முடிந்தபின் அதைப் பதிந்து வைப்பதும் கவுண்டி கிளார்க் அலுவலகத்தின் வேலை. நியூஜெர்சி, நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் நகராட்சி அல்லது டவுன் அலுவலகம் இதைச் செய்கிறது.

நம் மக்கள் குழம்புவது இங்கேதான். ஊரில் பள்ளிவாசல் ஜமாஅத்தின் நிகாஹ் தஃப்தரில் கையெழுத்துப் போட்டால் திருமணம் முடிந்தது என்பது நமக்குப் பழகிய வழக்கம். உண்மையில் தமிழ்நாட்டிலேயே 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லா மதத்தவரும் அரசு அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் இங்கே நிகாஹ் முதலில், பதிவு பிறகு. அமெரிக்காவில் வரிசை நேர்மாறானது. உரிமம் முதலில் கையில் இருக்க வேண்டும். அதன் பிறகே திருமணச் சடங்கு. அங்குள்ள பள்ளிவாசல் தரும் நிகாஹ் சான்றிதழ் மார்க்க ஆவணம் மட்டுமே. அரசு கேட்கும் ஆவணம் வேறு.

நடைமுறை எப்படி?

பெரும்பாலான கவுண்டிகளில் மணமகனும் மணமகளும் சேர்ந்து நேரில் போக வேண்டும். பாஸ்போர்ட் போன்ற புகைப்பட அடையாள ஆவணம் வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. மாணவர் விசாவில் இருப்பவரும் உரிமம் வாங்கலாம். முன்பு திருமணம் ஆகியிருந்தால் அது எப்படி, எப்போது முடிந்தது என்பதை உறுதிமொழியாகச் சொல்ல வேண்டும். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது நாள் கணக்கு. டெக்சாஸில் உரிமம் வாங்கிய பின் 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும்; உரிமம் 90 நாள் செல்லும். நியூயார்க்கில் 24 மணி நேரக் காத்திருப்பு, 60 நாள் கெடு. இல்லினாயில் மறுநாள் முதல் 60 நாள். கலிஃபோர்னியாவில் காத்திருப்பு இல்லை. 90 நாள் கெடு. வெள்ளிக்கிழமை மாலை விமானத்தில் வந்து இறங்கி, சனிக்கிழமை நிகாஹ் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் இந்தக் கணக்கைப் பார்க்காமல் மாட்டிக்கொள்கின்றன. இடமும் முக்கியம். இல்லினாயில் எந்தக் கவுண்டியில் உரிமம் வாங்கினோமோ அதே கவுண்டிக்குள் நிகாஹ் நடக்க வேண்டும். மண்டபம் பக்கத்துக் கவுண்டியில் இருந்தால் அந்த உரிமம் அங்கே உதவாது.

நிகாஹ் நடத்திவைக்கும் இமாமுக்கும் விதிகள் உண்டு. பல மாநிலங்களில் அவர் மார்க்கப் பொறுப்பில் இருப்பதே போதும். ஆனால் ஒஹையோ, வர்ஜீனியா மாநிலங்களிலும் நியூயார்க் நகரத்திலும் அவர் முன்கூட்டியே அனுமதியோ பதிவோ பெற்றிருக்க வேண்டும். நிகாஹ் முடிந்ததும் அவர் உரிமப் படிவத்தில் கையெழுத்திட்டு, நியூயார்க்கில் 5 நாளுக்குள், கலிஃபோர்னியாவில் 10 நாளுக்குள், டெக்சாஸில் 30 நாளுக்குள் அலுவலகத்தில் திருப்பித் தர வேண்டும். இந்தப் படிவம் யாரோ ஒருவருடைய காரில் கிடந்து, பதிவாகாமலேயே மறந்துபோகும் அபாயம் உண்டு. ஆகவே படிவம் போய்ச் சேர்ந்ததா என்று மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பதிவில்லாத நிகாஹ் யாரைப் பாதிக்கிறது?

"நிகாஹ் மட்டும் இப்போது ஓதிவிடுவோம், பையனும் பெண்ணும் ஹலாலாகப் பேசிப் பழகட்டும், உரிமம் பிறகு" என்று சொல்லும் குடும்பங்களின் எண்ணம் நல்லதுதான். இருவரும் ஒற்றுமையாக வாழும்வரை ஒரு குறையும் தெரியாது. பிரச்சினை வரும்போதுதான் காகிதம் தேடப்படும்.

கணவர் இறந்துவிட்டால் சோஷியல் செக்யூரிட்டியில் விதவைக்கான உதவிக்குப் பொதுவாக 9 மாதத் திருமண வாழ்வு தேவை. மணமுறிவு பெற்ற மனைவி முன்னாள் கணவரின் கணக்கில் உரிமை கோர, 10 ஆண்டுத் திருமணம் தேவை. இந்த ஆண்டுகள் சட்டப்படியான திருமண நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. நிகாஹ் ஓதிய நாளுக்கும் கவுண்டியில் பதிந்த நாளுக்கும் இடையே இரண்டு ஆண்டு போயிருந்தால், பெண் அந்த இரண்டு ஆண்டுகளை இழக்கக்கூடும்.

பதிவில்லாத நிகாஹை எல்லா மாநிலங்களும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. முறையாகச் சடங்கு நடந்திருந்தால் உரிமம் இல்லை என்பதற்காக மட்டும் திருமணம் செல்லாமல் போகாது என்கிறது நியூயார்க் சட்டம். வேறு மாநிலங்களில் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. எப்படியிருந்தாலும் கைவிடப்பட்ட ஒரு பெண் வழக்கறிஞர் வைத்து, "நான் மனைவிதான்" என்று முதலில் நிரூபிக்க வேண்டிய நிலை வருகிறது. இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம், பதிவில்லாத நிகாஹைச் சட்டப்படியான திருமணச் சடங்காகவே கருத முடியாது என்று தீர்ப்பளித்தது. அத்தகைய நிகாஹில் வாழ்ந்த பெண்களுக்கு, விவாகரத்தின்போது மனைவிக்குக் கிடைக்கும் சொத்துரிமை இல்லாமல் போனது.

மஹர் விஷயத்தில் ஒரு நல்ல முன்னுதாரணமும் உண்டு. 2002இல் நியூஜெர்சி நீதிமன்றம் ஒன்று, நிகாஹ் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்த 10,000 டாலர் மஹரை சாதாரண ஒப்பந்தக் கடனாகக் கருதி, கணவர் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எழுத்தில் இருந்ததால்தான் அது நடந்தது.

விசாவும் வீடியோ நிகாஹும்

ஊரில் பெண் எடுக்கும் அமெரிக்கக் குடியுரிமையுள்ள மாப்பிள்ளைகள் அடிக்கடி விழும் பள்ளம் கே-1 விசா. அது இன்னும் திருமணம் ஆகாதவர்களுக்கானது. அமெரிக்கா வந்து 90 நாளுக்குள் திருமணம் செய்ய வேண்டும். ஊரில் நிகாஹ் ஓதிவிட்டு, "நிச்சயம் மட்டும்தான் ஆகியிருக்கிறது" என்று இந்த விசாவுக்கு விண்ணப்பித்தால், தூதரகத்தில் நிகாஹ் புகைப்படங்களே எதிர்ச் சாட்சியாகிவிடும். நிகாஹ் முடிந்துவிட்டதென்றால் அதை இந்தியாவில் முறையாகப் பதிந்து, மனைவிக்குரிய விசாவுக்கு விண்ணப்பிப்பதே நேர்மையான வழி.

இன்னொன்று வீடியோ நிகாஹ். கொரோனா காலத்தில் யூட்டா மாநிலத்தின் யூட்டா கவுண்டி, தம்பதியர் நேரில் வராமலேயே இணையவழியில் உரிமம் வாங்கித் திருமணமும் செய்துகொள்ள வழி திறந்தது. உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அதைப் பயன்படுத்தினர். 2023இல் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம்கூட அத்தகைய திருமணங்களைப் பதிய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. சடங்கின்போது இருவரும் ஒரே இடத்தில் இல்லையென்றால், அதற்குப் பிறகு அவர்கள் கணவன் மனைவியாகக் கூடி வாழ்ந்திருந்தால் மட்டுமே விசாவுக்கு அது திருமணமாக ஏற்கப்படும். தொலைபேசியிலோ வக்கீல் வழியாகவோ ஓதிய நிகாஹுக்கும் இதே நிபந்தனை பொருந்தும்.

நகல்களும் பெயர்களும்

பதிவு முடிந்த பின் அலுவலக முத்திரையுள்ள சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். அழகாக அச்சிட்டுத் தரும் நினைவுச் சான்றிதழ் எங்கும் செல்லாது. டெக்சாஸில் மாநில அலுவலகம் உறுதிக் கடிதம் மட்டுமே தரும். சான்றிட்ட நகல் உரிமம் கொடுத்த கவுண்டியில்தான் கிடைக்கும். எனவே எந்த மாநிலம், எந்தக் கவுண்டி, எந்தத் தேதி என்பதைக் குடும்பத்தில் எழுதி வையுங்கள். இருபது ஆண்டு கழித்து நகல் தேவைப்படும்போது, அந்த அலுவலகத்திடம்தான் கேட்க வேண்டும். அந்தச் சான்றிதழை இந்தியாவில் பயன்படுத்த, அந்த மாநிலச் செயலாளர் அலுவலகத்தின் அபோஸ்டில் முத்திரை தேவைப்படும்.

தமிழ் முஸ்லிம்களுக்கென்றே ஒரு சிக்கல் பெயரில் இருக்கிறது. தந்தை பெயரின் முதலெழுத்து, குடும்பப் பெயர் இல்லாத பாஸ்போர்ட், "முஹம்மது" என்பதற்கு ஐந்தாறு விதமான எழுத்துக்கூட்டல் என்று நம் ஆவணங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. உரிமப் படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுவது பாதுகாப்பு. பிறகு திருத்துவது எளிதல்ல.

ஜமாஅத்துகள் என்ன செய்யலாம்?

கடனைக்கூட எழுதி வைக்கச் சொல்கிறது திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம். உறுதியான உடன்படிக்கையாகிய நிகாஹை எழுத்தில் பாதுகாப்பதில் தயக்கம் தேவையில்லை. அமெரிக்காவில் பல பள்ளிவாசல்கள் உரிமத்தைக் காட்டாமல் நிகாஹ் ஓத மறுக்கின்றன. அதைக் கெடுபிடி என்று கோபப்படாமல், நம் பெண்ணுக்கான காவல் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அரசுக்குத் தெரியாமல் இரண்டாவது நிகாஹ் முடிக்க நினைப்பவர்களையும் இதுவே தடுக்கிறது.

ஊரிலிருந்து பெண் கொடுக்கும் பெற்றோரும், ஊர் ஜமாஅத் நிர்வாகிகளும் வரன் பேசும்போதே மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். மாப்பிள்ளைக்கு முன்பு கவுண்டியில் பதிவான திருமணம் ஏதும் உண்டா? இருந்தால் நீதிமன்ற மணமுறிவு உத்தரவு எங்கே? இந்தத் திருமணம் எந்த அலுவலகத்தில், எந்தத் தேதிக்குள் பதிவாகும்? மஹரைக் கேட்பதில் நமக்கு வெட்கமில்லை. இதைக் கேட்பதிலும் வெட்கப்பட வேண்டாம்.